அத்தான் வண்டியை மட்டம் பார்த்த கதை

என் அக்காவின் கணவருக்கு எங்கள் வீட்டில் 'தெரியும்' என்று பெயர். அவர் காதில் விழாமல்தான் அப்படிச் சொல்வோம். யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இரண்டாவது வார்த்தையிலேயே கையை உயர்த்தி "தெரியும், தெரியும்" என்று நிறுத்திவிடுவார். என் கல்யாணம் முறிந்த செய்தியைக்கூட என்னால் அவரிடம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. "தெரியும். நான் அப்பவே நினைச்சேன்" என்றார். எப்போது நினைத்தார், என்ன நினைத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மெத்தைக் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் உலகத்துக்கெல்லாம் எப்படித் தூங்க வேண்டும் என்று பாடம் எடுத்தவர். அவர் விடும் குறட்டையில் அக்காதான் பாதி ராத்திரி கூடத்து சோபாவில் வந்து படுப்பாள். நல்ல உயரம், நிமிர்ந்த முதுகு, எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லியே என் அம்மா கடைசிவரை அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தாள். செய்யாததை எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் ஒரு மனிதனை நல்லவன் என்று தேற்றிக்கொள்ள வேண்டுமென்றால், அவன் செய்ததைப் பற்றி என்ன சொல்ல?

அக்கா மருத்துவமனையில் மருந்தாளுநர். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் பிரிக்காமல் குப்பையில் போடுவது, அதை வரி விடாமல் படிக்கிற ஜாதி அவள். புது மிக்ஸி வாங்கினாலும் முதலில் விளக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பெட்டியையே முழுதாகத் திறப்பாள். அத்தானுக்கு அது பெரிய கேலி. "உங்க அக்கா கல்யாணத்தன்னைக்கே எனக்கும் ஒரு புத்தகம் இருக்கான்னு தேடியிருப்பா" என்பார். இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஓய்வு பெற்றதும் அத்தான் ஒரு கேரவன் வாங்கினார். படப்பிடிப்பில் நடிகர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ள வண்டி. ஊர் சுற்றும் ஆசையால் வாங்கியதல்ல. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் படகு வாங்கிவிட்டார். அந்தப் படகு இவர் கண்ணை உறுத்திவிட்டது. விற்றவர் நல்ல மனுஷன். பழைய வண்டி என்பதால் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்க வந்தார். சரிவான இடத்தில் நிறுத்தும்போது தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை ஏற்றி வைப்பதற்கு, மூன்று படியாகச் சரிந்த மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு சோடி இருந்தன. சக்கரம் உருளாமலிருக்க முட்டுக்கட்டைகளும் இருந்தன. அத்தான் கையை உயர்த்தினார். நாற்காலி மடக்கி வைக்க இடம் போதவில்லை என்று கட்டைகள் அத்தனையையும் வீட்டுக் கொட்டகையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

முதல் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். விடுமுறையில் வீட்டில்தான் இருந்தேன். அவரோடு தனியாகப் போக அக்காவுக்கு மனமில்லை என்று போனில் அவள் சொன்ன தோரணையிலேயே புரிந்தது. "நீயும் வாயேன்டி. பேச்சுத் துணைக்கு" என்றாள். சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் போனது இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கான முகாம். அது ஏரிக்கரையோரம், ஒரு குன்றின் சரிவில் இருந்தது. கீழே குளியலறைகள் உள்ள நீளமான கட்டடம், அதற்குப் பக்கத்தில் சமதரையாக நாலைந்து இடம். மேலே போகப் போகப் புல்தரை ஏறிக்கொண்டே போனது. முகாம் காவலர் ரப்பர் பூட்ஸ் போட்ட நடுவயதுக்காரர். சமதரையைக் காட்டி, "இங்க போட்டுக்குங்க சார். தண்ணி, கரண்டு எல்லாம் பக்கத்துலயே இருக்கு" என்றார்.

"கக்கூஸ் வாசல்ல படுக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார் அத்தான். உச்சியில் இருந்த இடத்தைக் கை காட்டினார்.

"அது நல்ல சரிவு சார். நேத்து மழை வேற. கட்டை இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"இல்லாட்டி சொல்லுங்க, ஆபீஸ்ல இருக்கு. எடுத்துட்டு வரேன்."

"தெரியும்பா" என்று வண்டியைக் கிளப்பினார். காவலர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

உச்சியில் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க, பின்பக்கம் ஏரியைப் பார்க்க நிறுத்தினார். பின் ஜன்னலோரம்தான் கட்டில். படுத்துக்கொண்டே ஏரியைப் பார்க்கலாமாம். உள்ளே ஏறியதும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பேருந்து திடீரென்று கிளம்பினால் பின்னால் தள்ளுமே, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அப்படித் தள்ளியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் ஒரு மூலையில் குளமாக நின்றது. அக்கா வெங்காயத்தை நறுக்கப் பலகையில் வைத்தாள். அது உருண்டு கட்டிலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"மட்டமாத்தான் இருக்கு" என்றார் அத்தான். "உங்களுக்குப் பழகல."

அக்கா விளக்கப் புத்தகத்தை எடுத்தாள். "என்னங்க, சாய்வா நின்னா குளிர்பெட்டி வேலை செய்யாதாம். கெட்டே போயிடுமாம். முதல்ல பக்கவாட்டு மட்டம் பாக்கணும், அப்புறம் முன்பின். தாழ்ந்த சக்கரத்தைக் கட்டை மேல ஓட்டி ஏத்தணும். ரொம்பச் சரிவா இருந்தா இடத்தை மாத்தச் சொல்லிப் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் வண்டி ஓட்டியிருப்பானா?"

"கீழ அந்த இடம் காலியாத்தான் இருக்கு."

கீழே போவது என்றால் காவலர் முன்னால் போவது. அதைவிட அத்தான் ஏரியிலேயே இறங்கிவிடுவார். அதனால் வண்டியின் பின்பக்கம் இருந்த இரும்புக் கால்களின் நினைவு அவருக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் அடியிலிருந்து இரண்டு கால்கள் இறங்கித் தரையில் ஊன்றும். எல்லாம் மட்டமான பிறகு, ஆள் நடந்தால் வண்டி குலுங்காமலிருக்க, சும்மா தாங்கலாக நிற்பதற்கு வைத்தது அது. அத்தான் அதை வைத்து வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

அக்கா இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். "காலை வச்சுச் சக்கரத்தைத் தூக்கக் கூடாதுன்னு கறுப்பு எழுத்துல போட்டிருக்குங்க. ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்குதாம். கியரும் அதேதான். அது தரையை விட்டு எழும்பிட்டா வண்டியைப் பிடிக்க ஒண்ணும் இருக்காது."

"தெரியும். நீ உள்ள போ. அடுப்பு மேடை மேல ஒரு தட்டுல தண்ணி ஊத்தி வை. மட்டமானதும் குரல் குடு."

"ஆளு உள்ள இருக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு."

"அதெல்லாம் கேஸு கீஸு வந்துடக் கூடாதுன்னு போடறது. போ."

அவள் போனாள். அத்தானைப் பற்றி இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்ல வேண்டும். கறுப்பு எழுத்தில் படித்து, அர்த்தம் புரிந்து, அதை வாய்விட்டும் சொல்லிவிட்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் என் அக்கா. மருத்துவமனையில் மூத்த டாக்டரையே "இந்த அளவு தப்பு, மாத்தி எழுதுங்க" என்று திருப்பி அனுப்புகிறவள். வீட்டுக்கு வந்தால் அந்த முதுகெலும்பைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிடுவாள். இதற்குப் பொறுமை என்று பெயர் வைத்து ஊரே பாராட்டியது. அந்தப் பாராட்டில் நான் சேர்ந்ததில்லை.

அத்தான் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே நின்றபடி பொத்தானை அழுத்தினார். கால்கள் இறங்கின. பின்பக்கம் மெல்ல எழும்பியது. நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். டயருக்கும் புல்லுக்கும் நடுவில் முதலில் ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது. பிறகு அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்துப் புல் தெரிந்தது.

"அத்தான், சக்கரம் தரையில படல."

"தூக்கினா எப்படிப் படும்?" என்றார்.

உள்ளிருந்து அக்கா, "இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மழையில் ஊறிய மண்ணில் வலப்பக்கத்துக் கால் சட்டென்று ஒரு சாண் இறங்கியது. வண்டி ஒருமுறை முனகியது. முன்சக்கரங்கள் பின்னோக்கி உருள, இரண்டு கால்களும் முட்டி மடிந்த மாடு போல மடங்கின. பின்பக்கம் தடாலென்று தரையில் விழுந்தது. விழுந்த சக்கரத்தை பிரேக் பிடித்ததுதான். ஆனால் ஈரப் புல்லில் அந்தப் பிடி எதற்காகும்? வண்டி முழுதும் அப்படியே சறுக்கிக்கொண்டு கீழே போனது, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திரும்பியபடி.

அத்தான் துள்ளி நாலடி தள்ளிப் போய் நின்றார். அங்கிருந்து என்னைப் பார்த்து, "பிடி, பிடி" என்றார். மூன்று டன் வண்டி. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்.

கீழே இடுப்பளவு உயரத்துக் கல்சுவர் ஒன்று இருந்தது. வண்டியின் பின் மூலை அதில் மோதி நின்றது. பின் ஜன்னல் பொலபொலவென்று கொட்டியது. நான் ஓடினேன். கதவு கோணிக்கொண்டு திறக்கவில்லை. காவலரும் ஓடிவந்து இழுத்ததில் பாதி திறந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் அரிசி. அலமாரியிலிருந்து டப்பா கொட்டியிருந்தது. இடது கை மணிக்கட்டு, இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்து, "அடுப்பு பத்தவைக்கல. நல்லவேளை" என்றாள்.

காவலர் கல்சுவரைத் தடவிப் பார்த்தார். "சித்த முன்னாடி ரெண்டு பசங்க இதுமேல உக்காந்து மீனைப் பாத்துட்டு இருந்தாங்க. சாப்பிடக் கூப்பிட்டாங்கன்னு இப்பத்தான் போனாங்க" என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அப்போது அத்தான் இறங்கி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. கதவுக்குள் எட்டிப் பார்த்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அந்த மாதிரி நினைப்புகள் வந்துகொண்டிருந்தன.

"நான்தான் சொன்னேனே, உள்ள நிக்காதேன்னு" என்றார்.

காவலர் இருந்தார், நான் இருந்தேன், அக்கா இருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அக்காவின் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். அதைவிட வேகமாக அத்தானின் கதை வளர்ந்தது. மருத்துவமனை வராந்தாவில் பிரேக் பழுது. வீடு திரும்பும் வழியில், முகாம்காரன் தந்த இடம் சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் கோணல் என்று எல்லோரும் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஆடியவர், கடைசியில் அதையே குற்றமாகச் சொன்னார். கட்டுப் பிரிப்பதற்குள் கதையில் அவர் தோள் வந்துவிட்டது. வண்டி உருள ஆரம்பித்ததும் அவர் பின்னால் ஓடித் தோளைக் கொடுத்துத் தாங்கினாராம். அதனால்தான் வேகம் குறைந்து சுவரோடு போனதாம். தோளில் தைலம் தடவச் சொல்லி அக்காவைக் கேட்டார். அவள் ஒற்றைக் கையால் தடவிவிட்டாள்.

பெரியம்மா மகன் புது வீட்டுக்குக் குடிபோய் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பந்தி முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அத்தான் தோள் கதையை எடுத்தார். ஒரு சித்தப்பா, "உயிரைப் பணயம் வச்சிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். அத்தான் அடக்கமாகச் சிரித்தார்.

அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். "நீங்கதான் என்னை உள்ள நிக்கச் சொன்னீங்க" என்றாள். சாதாரணக் குரல். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள் என்று சொல்கிற குரல். "வேணாம்னு நான் படிச்சுக் காட்டினேன். நீங்க வண்டியைத் தொடவே இல்ல. தள்ளி நின்னுட்டிருந்தீங்க."

அத்தான் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "அதிர்ச்சி. அதான் ஞாபகம் குழம்பிப்போச்சு. டாக்டரே சொன்னாரு" என்றார்.

"நானும் பாத்தேன் அத்தான்" என்றேன். இவ்வளவு நாள் கழித்துத்தான்.

உறவுக்கூட்டம் என்ன செய்யும்? "விடும்மா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள் பெரியம்மா. சித்தப்பா வெற்றிலைத் தட்டையே உற்றுப் பார்த்தார். பொய் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆம்பிளை முகம் வாடிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. அக்காவின் கை அப்போதும் முழுதாக மடங்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கையை நீட்டினாள். "வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்." ஒரு சண்டையை எதிர்பார்த்து நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்த வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது: மனிதர் பயந்து போயிருந்தார். அந்த வண்டியிடம் போகவே அவருக்குத் தைரியம் இல்லை. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். சொல்லவில்லை, எனக்கும் வரவில்லை.

அக்கா பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். வண்டியையும் பட்டறையில் சரி செய்தாள். பட்டறை வாசலில் சரிவாக ஒரு பாதை இருந்தது. அங்கேயே கட்டை மேல் ஏற்றி இறக்கிப் பழகினாள். முதல் நாள் கட்டையைத் தாண்டி ஓட்டி ஒன்றை உடைத்தாள். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் புதிதாக ஒரு சோடி வாங்கிக்கொண்டாள்.

பிறகு பல இடங்களுக்குப் போனோம். போய்ச் சேர்ந்ததும் அவள் முதலில் வண்டியை விட்டு இறங்கித் தரையில் நடந்து பார்ப்பாள். மண் இளகலாக இருந்தால் வேறு இடம். கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கியிருந்தாள். அதை வண்டித் தரையில் குறுக்கே வைத்துப் பார்ப்பாள், பிறகு நெடுக்கே. தாழ்ந்த சக்கரங்களுக்கு முன்னால் கட்டையைப் போட்டுவிட்டு, எல்லோரையும் வண்டியை விட்டு இறக்கிவிட்டு, முதல் கியரில் நத்தை மாதிரி ஏற்றுவாள். ஹேண்ட்பிரேக் போட்டு, முட்டுக்கட்டைகளைக் காலால் உதைத்து இறுக்குவாள். கடைசியில்தான் இரும்புக் கால்கள். பலகை ஒன்றைக் கீழே போட்டு, தரையைத் தொட்டும் தொடாமலும். இவ்வளவும் நடக்கும்போது அத்தான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வா, வா, போதும், நிறுத்து" என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பார். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவாள். அந்த வழியாகப் போகிறவர்களிடம், "நான்தான் பழக்கிவிட்டேன்" என்பார் அவர். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. நாற்காலியை மட்டும் எப்போதும் வண்டிக்கு மேட்டுப் பக்கமாகவே போட்டுக்கொள்வார். பள்ளத்துப் பக்கம் போட்டு நான் பார்த்ததில்லை.

போன முறை ஒரு மலையடிவார முகாமில் இருந்தோம். சாயங்காலம். அக்கா வண்டிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு மேலே ஒரு புது வண்டி வந்து நின்றது, இளம் தம்பதி. மனைவி உள்ளே இருந்தாள், பின் ஜன்னலில் குழந்தையின் தலை தெரிந்தது. கணவன் இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை எதுவும் போடாமல், இரும்புக் காலை இறக்கிப் பின்பக்கத்தைத் தூக்க ஆரம்பித்தான்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். அந்த முகாமிலேயே, அடுத்து என்ன நடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இல்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும். எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல். கொடுத்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான்.

அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த டயர் புல்லை விட்டு எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

நான் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே எழுந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஈரக் கையோடு இறங்கி என்னை முந்திக்கொண்டு போனாள். "தம்பி, அதை நிறுத்துங்க. முதல்ல அவங்களை இறக்குங்க" என்றாள். அவன் முகத்தைச் சுளித்தான். அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு இன்னும் கோணல்தான். "இதே மாதிரிதான் எங்க வண்டியும் போச்சு. நான் உள்ள இருந்தேன்." அவன் மனைவி கணவன் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அக்கா, அன்று எங்களுக்குத் தேவைப்படாத எங்கள் கட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினாள். இரும்புக் காலை மெல்ல உள்ளிழுத்துச் சக்கரத்தைத் தரையில் இறக்கச் செய்து, வண்டியைக் கட்டைமேல் ஏற்றவைத்தாள். பொழுது சாய்வதற்குள் அவர்கள் குழந்தைக்குப் பால் காய்ச்சத் தொடங்கினார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அத்தான் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானே போய்ச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். நெடுநாளாக அலமாரியில் இருந்த ஒரு புட்டியைத் திருப்பிப் பார்த்து, காலாவதி ஆகிவிட்டது என்று ஒதுக்கி வைப்பார்களே, அப்படி ஒரு பார்வை. தன் நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போய்ப் போட்டு உட்கார்ந்தாள். நானும் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போனேன்.